‘முழுசா’ என்ற ஒரு சொல்: செந்தூல் குளியலறை ஒழுகல் வழக்கு

கோலாலம்பூர் செந்தூலில் என் பெரியம்மாவின் வீடு ஐந்தாவது மாடியில் இருக்கிறது. பெரியப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வாங்கிய வீடு அது. மூன்று அறை, இரண்டு குளியலறை. பெரியப்பா தவறிய பிறகு பெரியம்மா தனியாகத்தான் இருக்கிறார். அந்த வீட்டின் பெரிய குளியலறையைப் புதுப்பித்ததில் தொடங்கிய தகராறு எப்படிப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் வரை போனது, அங்கே என்ன நடந்தது என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். தொடக்கம் முதல் கடைசி வரை கூடவே இருந்தவன் நான். கோலாலம்பூரில் மாடி வீட்டில் இருக்கும் நம்மவர் பலருக்கும் இதே சிக்கல் வந்துகொண்டிருக்கிறது. வந்தவர்களில் பாதிப் பேர் ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

கான்ட்ராக்டரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் மோசக்காரர் அல்ல. படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிய விலை

பழைய ஜி.ஐ. பைப்பு உள்ளே துருப்பிடித்து, காலையில் குழாயைத் திறந்தால் முதல் வாளி தண்ணீர் பழுப்பாக வந்தது. தண்ணீரின் வேகமும் குறைந்துவிட்டது. ஜி.ஐ. பைப்பு என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு தேய்ந்ததும் உட்புறம் துரு கட்டி, பைப்பின் துவாரமே சிறுத்துக்கொண்டு வரும். மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பைப்பை மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும், அப்படியே மொசைக்கும் போகும். ‘சரி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்துவிடலாம்’ என்று பெரியம்மா முடிவெடுத்தார்.

கோயிலில் பழக்கமான ஒருவர் அந்தக் கான்ட்ராக்டரை அனுப்பினார். வயது நாற்பதுக்குள். பெரியம்மாவை ‘அக்கா’ என்று கூப்பிட்டார், இவர் அவரைத் ‘தம்பி’ என்றார். அவர் சொன்ன விலை 8,500 வெள்ளி (ரிங்கிட்). பெரியம்மா குறைக்கச் சொன்னார். ‘நம்ம ஆளுதானே தம்பி, கொஞ்சம் பாத்துப் போடுங்க’ என்று இரண்டு நாள் பேசினார். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது: “சரிக்கா, உங்களுக்காக 6,800. பாத்ரூம் முழுசா பண்ணிக் குடுத்துர்றேன். வர திங்கக்கிழமை ஆரம்பிச்சிரலாம்.”

ஒப்பந்தம் என்று இருந்தது அவ்வளவுதான், பதினோரு வினாடிக் குரல் பதிவு. கோட்டேஷன் கேட்கலாமே என்று நான் சொன்னதற்குப் பெரியம்மா, “தெரிஞ்ச பையன்கிட்ட போயி கடுதாசி கேட்டா என்ன நினைப்பான்?” என்றார். அவர் அதை மரியாதையோடுதான் சொன்னார். நம் வீடுகளில் எழுதிக் கேட்பதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்கிறோம். கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் மனவருத்தம். இந்த வழக்கு முழுவதும் அந்தக் கூச்சத்தில் பிறந்ததுதான் என்று நினைக்கிறேன்.

பணம் 3,000, பிறகு இன்னொரு 3,000 என்று வங்கி வழியாகப் போனது. மீதி 800 வெள்ளியை வேலை முடிந்து ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தருவதாகப் பேச்சு. ஆறு நாள் என்று சொன்ன வேலை ஒன்பது நாளில், தீபாவளிக்கு முந்தின வாரம் முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நாங்கள் செய்த தவறு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாடி வீட்டில் புதுப்பிப்பு வேலை தொடங்குமுன் கட்டட நிர்வாகத்திடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். பெரியம்மா வாங்கவில்லை. வைப்புத்தொகை கட்ட வேண்டியிருக்குமே என்று தயங்கினார், அந்தக் கான்ட்ராக்டரும் ‘சின்ன வேலைதானே’ என்றார். பின்னால் நிர்வாக அலுவலகத்தில் நாங்கள் நின்றபோது அவர்கள் முதலில் கேட்டது இதைத்தான்.

கீழ்வீட்டுக் கூரையில் ஒரு கறை

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நான்காவது மாடி மாக்சிக் மேலே வந்தார் (மலாய்க்கார மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்). இருபது வருடத்துப் பழக்கம். நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து பலகாரம் வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். அவருடைய குளியலறைச் சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டளவுக்குப் பழுப்புக் கறை, அதன் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது. சண்டை போடாமல், கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை மட்டும் காட்டினார். பெரியம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மாடி வீடுகளில் மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு ஒழுகுவதற்கென்றே விதிகள் இருக்கின்றன. ஸ்ட்ராட்டா, அதாவது அடுக்குமாடி, நிர்வாகச் சட்டம் 2013-இன் கீழ், 2015-இல் வந்த பராமரிப்பு, நிர்வாக விதிமுறைகள் அவை. கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும். சோதித்த பின் பாரம் (படிவம்) 28 என்ற சான்றிதழைத் தர வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை, கோளாறு மேல்வீட்டில்தான் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. சான்றிதழ் கைக்கு வந்த 7 நாளுக்குள் மேல்வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நிர்வாகமே ஆள் வைத்துச் செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

பெரியம்மாவுக்கு இது அநியாயமாகப் பட்டது. “வேலை செஞ்சது அவன், பேப்பர் வந்தது எனக்கா?” என்று கேட்டார். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது. மாக்சிக்குக்கும் அந்தக் கான்ட்ராக்டருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் யாரைத் தேடிப் போவார்? மேல்வீட்டுக்காரர் முதலில் சரிசெய்துவிட்டுத் தன் கான்ட்ராக்டரிடம் செலவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒழுகலில் இரண்டு தனித் தகராறுகள் இருந்தன. அவற்றைக் கலந்து குழப்பிக்கொண்டே முதல் இரண்டு வாரத்தை வீணடித்தோம்.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டோம், வந்தார். தரையில் தண்ணீர் போகும் ஜாலியைச் சுற்றி சிலிக்கான் அடித்து, மொசைக் இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டை நிரப்பிவிட்டுப் போனார். இரண்டு வாரம் சொட்டவில்லை. பிறகு மறுபடியும் ஆரம்பித்தது. இரண்டாம் முறை ஏதோ ஒரு திரவத்தைத் தரை முழுக்க ஊற்றிக் காயவிட்டார். அது பத்து நாள் தாங்கியது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது குரல் மாறிவிட்டது: “அக்கா, கீழ போற கழிவு பைப்பு பழசு. அது பில்டிங் பைப்பு, என் வேலை இல்ல. நீங்க ஆபீஸ்ல சொல்லுங்க.” அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

அந்த இரண்டு வாரம் ஏன் சொட்டவில்லை என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மொசைக் தண்ணீரைத் தடுக்காது. அதன் இடுக்கு வழியாக எப்போதும் கொஞ்சம் ஈரம் உள்ளே இறங்கிக்கொண்டேயிருக்கும். மொசைக்குக் கீழே சிமெண்டுக் கலவைப் படுகை இருக்கிறது. அது பஞ்சுபோல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே இடுக்கை அடைத்ததும் உள்ளே இறங்கும் தண்ணீர் குறைகிறது, படுகை கொஞ்சம் காய்கிறது, சொட்டு நிற்கிறது. படுகை மறுபடி நிறைந்ததும் திரும்பச் சொட்டுகிறது. தண்ணீரை உண்மையில் தடுக்க வேண்டியது அந்தப் படுகைக்கும் கீழே, கான்கிரீட் தளத்தின் மேல் பூசும் வாட்டர்புரூப் பூச்சு. அது சரியில்லை என்றால் மேலே என்ன பூசினாலும் சில வாரத்துக்குத்தான் தாங்கும்.

எங்கிருந்து ஒழுகுகிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வழக்கு நின்றதே இதன்மேல்தான்.

எங்களுக்கு முன்னால் மூன்று சந்தேகங்கள் இருந்தன. சுவருக்குள் போட்ட புதிய பைப்பு ஒழுகலாம். தளத்துக்குக் கீழே போகும் பழைய கழிவு பைப்பு ஒழுகலாம். வாட்டர்புரூப் பூச்சு இல்லாமலிருக்கலாம் அல்லது கெட்டிருக்கலாம். கான்ட்ராக்டர் இரண்டாவது என்றார். பெரியம்மா முதலாவது என்று நம்பினார். எனக்கு எதுவும் தெரியாது. உடனே உடைத்துப் பார்த்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நல்லவேளை, உடைக்கவில்லை. உடைத்திருந்தால் ஆதாரமும் அதோடு குப்பை லாரியில் போயிருக்கும். கான்ட்ராக்டர், ‘நான் நல்லாத்தான் போட்டிருந்தேன், நீங்கள் உடைத்துக் கெடுத்துவிட்டீர்கள்’ என்று சொல்லியிருந்தால் எங்களிடம் பதில் இருந்திருக்காது.

முதலில் ஒரு கடிதம் எழுதினோம். என்ன வேலை, எவ்வளவு கொடுத்தோம், எப்போது ஒழுக ஆரம்பித்தது, எத்தனை தடவை வந்து பார்த்தார், 14 நாளுக்குள் வந்து சரிசெய்யவில்லை என்றால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவைக் கேட்போம் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில். பதிவுத் தபாலில் அனுப்பி, அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டோம். இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து, அந்தக் குளியலறையைப் பூட்டிவிட்டோம், சோதனைக்கு ஏற்பாடு செய்கிறோம், கூடுதல் நாள் கொடுங்கள் என்று கேட்டோம். மாக்சிக்கும் சம்மதித்தார். நிர்வாகம் எழுத்திலேயே அவகாசம் கொடுத்தது.

14 நாள் கழிந்ததும் ‘ஸ்பான்’ பெர்மிட் வைத்திருக்கும் வேறொரு பிளம்பரை 350 வெள்ளி பேசி அழைத்தோம். ஸ்பான் என்பது தேசிய நீர்ச் சேவை ஆணையம். நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2006-இன்படி, குடிநீர்ப் பைப்பு வேலையைச் செய்கிறவர் அந்த ஆணையத்தின் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். எங்கள் முதல் கான்ட்ராக்டரிடம் அது இல்லை. அவரை வைக்கும்போது கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. சோதனை நாளையும் நேரத்தையும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘நீங்களும் வந்து பாருங்கள் தம்பி’ என்று பெரியம்மா பேரிலேயே எழுதினேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார்.

முதல் சோதனை பைப்புக்கு. வீட்டுக்குள் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள சின்னச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தார் அந்த பிளம்பர். சுற்றவில்லை. இதை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அதன் பிறகு கைப்பம்பும் அழுத்தமானியும் மாட்டி, வழக்கமான அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றிப் பூட்டினார். ஒரு மணி நேரம் ஆகியும் முள் அசையவில்லை. பைப்பு நன்றாகவே இருந்தது. கான்ட்ராக்டர் போட்டது பி.பி.ஆர். என்ற பிளாஸ்டிக் பைப்பு. அதை ஒட்டுவதற்குப் பசை கிடையாது. 260 பாகை சூட்டில் பைப்பின் முனையையும் இணைப்பையும் சில வினாடி உருக்கி, திருகாமல் நேராகச் செருகிப் பிடிக்க வேண்டும். சூடு அதிகமானால் உள்ளே பிதுங்கித் துவாரத்தை அடைக்கும், குறைந்தால் ஒட்டாது. பொறுமை வேண்டிய வேலை. வந்த பிளம்பர், “வெல்டிங் நல்லா செஞ்சிருக்காரு” என்று அவர் முன்னாலேயே சொன்னார். பெரியம்மாவின் சந்தேகம் தவறாகிப்போனது. அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டோம்.

இரண்டாவது சோதனை கழிவு பைப்புக்கு. தரையில் ஒரு சொட்டும் படாமல், புனல் வைத்து ஒரு ரப்பர் குழாயைக் கழிவுத் துவாரத்துக்குள் நன்றாக இறக்கி, நீலச் சாயம் கலந்த தண்ணீரை அரை மணி நேரம் ஊற்றினார். கீழே மாக்சிக் வீட்டில் என் அண்ணன் டார்ச் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சீலிங்குக்கு மேலே போகும் கழிவு பைப்பு, அதன் வளைவு, இணைப்பு எல்லாம் காய்ந்தே இருந்தன. ‘பழைய பைப்பு’ என்ற வாதம் அத்தோடு போனது.

மூன்றாவது சோதனை குளியலறைத் தளத்துக்கு. கழிவுத் துவாரத்தை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டு, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை இரண்டு அங்குல உயரத்துக்குத் தரையில் கட்டினார். இதை 24 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் படம் எடுத்தோம். கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் காலையில் திரும்பி வந்தார். பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. மாக்சிக் வீட்டுக் குளியலறையில் நாங்கள் ஐந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கழிவுத் துவாரத்தைச் சுற்றியும் சுவர் ஓரத்திலும் கான்கிரீட்டில் இளஞ்சிவப்பாக ஈரம் படர்ந்து, ஒரு சொட்டுத் திரண்டு விழுந்தது.

யாரும் எதுவும் பேசவில்லை. கான்ட்ராக்டர் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். பெரியம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “அக்கா, 6,800-க்கு வாட்டர்புரூப் எப்படிக்கா வரும்?”

உடைத்ததில் தெரிந்தது

புதிய கான்ட்ராக்டர் 4,900 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார். இந்தத் தடவை நிர்வாக அனுமதி, வைப்புத்தொகை எல்லாம் முறையாகக் கட்டினோம். மொசைக்கை எடுக்க எடுக்க ஒவ்வொரு கட்டத்தையும் அளவு நாடா வைத்துப் படம் எடுத்தேன். பழைய பூச்சைப் பழைய மொசைக்கோடு சேர்த்துச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், அதற்குப் பதில் புதிது போடவில்லை. கதவோரத்தில் மட்டும் ஏதோ மிச்சம் இருந்ததைத் தடவியிருந்தார்கள். சுவரில் ஏறவே இல்லை. குறைந்தது 150 மில்லிமீட்டராவது சுவரில் ஏற்றிப் பூசுவதுதான் வழக்கம், குளிக்கும் பக்கம் அதைவிட உயரமாகப் போகும். கழிவுத் துவாரத்தின் கழுத்தைச் சுற்றி உள்ளே வரைக்கும் பூச வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான் ஆரம்பிக்கும்.

ஏன் இதை விட்டுவிடுகிறார்கள்? பூச்சு மருந்தின் விலை பெரிதல்ல, போகும் நாள்தான் பெரிது. முதல் கோட் பூசிக் காயவிட்டு, இரண்டாவது கோட்டைக் குறுக்காகப் பூசி, அதையும் காயவிட்டு, ஒரு முழு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் மொசைக் ஒட்ட வேண்டும். மூன்று நான்கு நாள் அதிலேயே போய்விடும். அந்த நாளுக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கடைசியில் மொசைக் ஒட்டிவிட்டால் பூச்சு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. விலை குறையும்போது முதலில் காணாமல் போவது இப்படி மூடி மறையும் வேலைதான்.

சட்டம் என்ன சொல்கிறது

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இல் சேவைகளுக்கென்று தனிப்பகுதி உண்டு. பிரிவு 53-இன்படி, சேவை வழங்குகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்கிறார் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. பிரிவு 54-இன்படி, என்ன தேவைக்காகச் செய்கிறோமோ அந்தத் தேவைக்கு அது பொருந்த வேண்டும். பிரிவு 60 முக்கியமானது. சரிசெய்யக்கூடிய குறை என்றால் முதலில் அவரிடமே சரிசெய்யச் சொல்ல வேண்டும். அவர் மறுத்தாலோ, கண்டுகொள்ளாமல் விட்டாலோ, நியாயமான காலத்துக்குள் முடிக்காவிட்டாலோ, வேறொருவரை வைத்துச் செய்து நியாயமான செலவை அவரிடமிருந்து பெறலாம். அந்தக் குறையால் வரக்கூடியது என்று முன்பே ஊகிக்கக்கூடிய மற்ற நட்டத்தையும் கேட்கலாம். மாக்சிக் வீட்டுச் சீலிங் அதில் வரும். நாங்கள் 14 நாள் கடிதம் எழுதியது இதற்காகத்தான். கோபத்தில் நேராக வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் பில்லை நீட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்ததுதான் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். எல்லோரும் திரிபியூனல் என்றே சொல்கிறார்கள். தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரைதான் கேட்க முடிந்தது, பிறகு 25,000, 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பின் 50,000. பாரம் 1 நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும், இணையத்திலும் செய்யலாம். வக்கீல் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. சம்பவம் நடந்து 3 வருடத்துக்குள் பதிய வேண்டும்.

பெரியம்மா முதலில் ‘கோர்ட்டு’ என்றதும் பயந்தார். அவருடைய தம்பி ஒருவர் பினாங்கில் இருக்கிறார். பினாங்குக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தெளிவு உண்டு. எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல்லாண்டுகள் தலைவராக இருந்து வளர்த்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழ் மக்களிடமும் தொடர்ந்து பேசிவந்ததன் பலன் அது என்று நினைக்கிறேன். இத்ரிஸ் 2019-இல் மறைந்தார். தம்பி போனில், “அக்கா, அஞ்சு வெள்ளி. நீ சந்தைக்குப் போனா அதைவிட அதிகம் செலவழிப்ப” என்று சொன்ன பிறகுதான் பெரியம்மா கையெழுத்துப் போட்டார்.

பாரம் நிரப்பும்போது ஒரு சிக்கல் வந்தது. எதிர்த்தரப்பு யார்? கான்ட்ராக்டரின் சட்டையில் ஒரு பெயர், வங்கி ரசீதில் அவருடைய சொந்தப் பெயர், பதிவுசெய்த வணிகத்தின் பெயர் இன்னொன்று. எஸ்.எஸ்.எம். என்ற நிறுவனங்கள் ஆணையத்தில் சிறு கட்டணம் கட்டி வணிகப் பதிவை எடுத்துப் பார்த்து, சரியான பெயரையும் முகவரியையும் எழுதினோம். பெயர் தவறினால் ஆணை கிடைத்தும் பயனில்லாமல் போகலாம்.

நாங்கள் கேட்டது: திருத்த வேலை 4,900, மாக்சிக் வீட்டுச் சீலிங் 900, சோதனை 350, ஆக மொத்தம் 6,150 வெள்ளி. கான்ட்ராக்டர் பாரம் 2-இல் பதிலும், மீதி 800 வெள்ளிக்கு எதிர்க்கோரிக்கையும் போட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அந்த 800 இன்னும் பெரியம்மாவிடம்தான் இருந்தது.

விசாரணை அறையில்

விசாரணை மலாயில் நடந்தது. சாதாரண அலுவலக அறை போலத்தான் இருந்தது. தலைவர் முன்னால், இரு தரப்பும் எதிரெதிரே. குரல் பதிவைப் போடச் சொன்னார். போட்டேன். ‘முழுசா’ என்றால் என்ன என்று கேட்டார். பெரியம்மா, “செமுவா செகாலி, துவான்” (எல்லாமே, ஐயா) என்றார். கான்ட்ராக்டரும் அதே சொல்லைச் சொன்னார், ஆனால் அவர் கணக்கில் பைப்பு, மொசைக், பீங்கான், குழாய்கள் மட்டும்தான் ‘முழுசு’.

அப்போது அவர் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். தனக்குச் சாதகமான ஆதாரம் என்று நம்பித்தான் எடுத்தார். பெரியம்மா வீட்டுக்கான அவருடைய கணக்கு அதில் இருந்தது. வரி வரியாக எழுதி அடியில் 8,500. அதில் ஒரு வரி ‘வாட்டர்புரூப், 2 கோட், ஆள் கூலியோட – 1,700’. அந்த வரியைக் குறுக்கே அடித்திருந்தார். புதுத் தொகை 6,800.

எனக்கு மூச்சு நின்றது. பெரியம்மா பேசிக் குறைத்ததாக நினைத்துச் சந்தோஷப்பட்ட அந்த 1,700 வெள்ளியும் இந்த அடித்த வரியும் ஒரே தொகை. “அவங்க அதுக்குக் காசு குடுக்கல, துவான்” என்றார் அவர். தலைவர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதை அடித்ததை அந்த அம்மாவிடம் சொன்னீர்களா? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இல்லை என்றார்.

ஒரு மாடிக் குளியலறையில் வாட்டர்புரூப் போடாமல் விடுவதானால் அதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு, அவருக்கு அந்தத் தொழில் தெரியாது, உங்களுக்குத் தெரியும் என்று தலைவர் விளக்கினார். அதன் பிறகு, சட்டப்படி தீர்ப்புச் சொல்வதற்கு முன் நீங்களே பேசி முடித்துக்கொள்ள விருப்பமா என்று இரு தரப்பையும் கேட்டார். முடியும் இடத்தில் சமரசத்துக்கு உதவுவது மன்றத்தின் வேலைகளில் ஒன்று.

வெளியே வராந்தாவில் கால் மணி நேரம் பேசினோம். நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பிரிவு 54 எங்கள் பக்கம் இருந்தது. குளியலறை ஒழுகக் கூடாது என்பது எந்த நோட்டிலும் எழுத வேண்டிய தேவையே இல்லை. 6,150-இல் 800 கழித்து 5,350 வெள்ளி முழுதாகக் கிடைக்க வாய்ப்பிருந்தது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த 1,700-ஐ நான் அன்னைக்கே குடுத்திருந்தா குடுத்ததுதானேப்பா. அத நான் இப்பத் திரும்பக் கேட்டா சரியா?” என்றார். 5,350-இலிருந்து 1,700 போக 3,650. அந்தத் தொகையை அவரே அந்தத் தம்பியிடம் சொன்னார். அவர் இரண்டு தவணை கேட்டார். முதலில் 1,850, அடுத்து 1,800.

எனக்கு அன்று கோபம்தான். இத்தனை மாத அலைச்சல், பெரியம்மா தூங்காத இரவுகள், மாக்சிக் முன்னால் தலைகுனிந்து நின்றது, எதற்கும் அதில் விலை போடவில்லை. யோசித்துப் பார்த்தால் பெரியம்மாவின் கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. வாட்டர்புரூப் அவருக்குக் கிடைத்துவிட்டது, அதற்கான காசை அவர் கொடுத்தார்.

உடன்பாட்டை மன்றம் ஆணையாகப் பதிவுசெய்தது. இது சாதாரண விஷயம் அல்ல. வராந்தாவில் பேசிக் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பியிருந்தால் மறுபடி வாய்ப்பேச்சுதான் மிஞ்சியிருக்கும். மன்றத்தின் ஆணை மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். உரிய காலத்தில் நிறைவேற்றாமல் விட்டால் அது குற்றம், அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் வரலாம். முதல் தவணை சொன்ன நாளில் வந்தது. இரண்டாவது மூன்று நாள் தாமதமாக, “ஸாரிக்கா, பேமெண்ட் லேட்டு” என்ற செய்தியோடு வந்தது. பெரியம்மா கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

மாக்சிக் வீட்டுச் சீலிங்குக்கு அதற்கு முன்பே வெள்ளையடித்து முடித்திருந்தோம். அந்தப் பணத்துக்காக அவரைக் காத்திருக்க வைக்கவில்லை.

போன மாதம் பெரியம்மாவின் சமையலறையில் சிங்க் பைப்பை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது கான்ட்ராக்டரே வந்தார். ஒரு தாளில் ஏழு வரி எழுதி, கீழே 1,450 வெள்ளி என்று போட்டுக் கொடுத்தார். பெரியம்மா வழக்கம்போல் குறைக்கச் சொன்னார். அவர் பேனாவை எடுத்து, “எந்த வரியை எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்கம்மா” என்று தாளை அவர் பக்கம் திருப்பினார். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டார். கடைசியில் சிங்க்குக்குக் கீழே போட இருந்த அலமாரிக் கதவை எடுக்கச் சொன்னார். 220 வெள்ளி குறைந்தது. அடித்த வரிக்குப் பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தாள் இப்போது பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது.